கரை தெரியாத தூரம்

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அது சுந்தரராமனுடைய போன் அல்ல. முந்தின நாள் தகனமான அவர் மனைவி அபிதகுஜாம்பாளுடையது. அவரோ தாம்பரம் மயானத்து வாசலில், காரின் முன் ஸீட்டில், அவளுடைய அஸ்திக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் முடிந்திருந்தது. நேரே பெசன்ட் நகர் போய்க் கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

திரையில் 'போட் ஜெபகுமார்' என்று இருந்தது.

"அம்மாங்களா? கோவளத்துலேர்ந்து ஜெபகுமார் பேசறேம்மா. இன்ஜின் ரிப்பேர் ஆயி வந்துடுச்சு. அஸ்தி கரைக்கிறதுக்குப் படகு சொல்லி வெச்சீங்கல்ல, எப்ப வேணும்னாலும் ஒரு நாள் முன்னால சொன்னா போதும்."

சுந்தரராமன் கலசத்தோடு காரைவிட்டு இறங்கி, மயானத்து வேப்பமரத்தடிக்குப் போனார். பின் ஸீட்டிலிருந்து மைத்துனன் ஷ்யாம்சுந்தரும், ஸ்டியரிங்கில் இருந்த மாப்பிள்ளை நிகிலும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா இல்லைப்பா. நேத்திக்குப் போயிட்டா. அவ வீட்டு மனுஷன்தான் பேசறேன். என்ன படகு?"

"ஐயோ மாதாவே! நான் நேர்ல பாத்ததுகூட இல்ல சார். போன மாசம் திருவிடந்தை கோயிலுக்கு வந்தவங்க, எங்க வூட்டுக்காரி ரோஸிகிட்ட வந்து உக்காந்து எல்லாம் வெவரமா கேட்டுகினு போனாங்களாம். கரையோரம் வேணாம், கரை கண்ணுக்கே தெரியாத தூரத்துல கொண்டுபோய் வுடணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்னு சொன்னாங்களாம்."

சுந்தரராமன் கலசத்தைக் குனிந்து பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கத்தில் போய்விட்டாள், புண்ணியவதி, ஒன்றும் தெரியாமல் போனாள் என்று ஊரே சொல்கிறது. அவளோ ஒரு மாதம் முன்னாலேயே கோவளம் போய்ப் படகு சொல்லி வைத்திருக்கிறாள். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டதாக அவருக்கே ஞாபகம் இல்லை. அவளாகச் சொன்னதும் இல்லை. கடைசி ஆசையையும் அவரிடம் சொல்லாமல், முன்பின் தெரியாத படகுக்காரன் மனைவியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"இன்னிக்கே வரலாமா?"

"இன்னிக்கு வேணாம் சார், அலை தூக்கிகினு கீது. ரெண்டு மூணு நாள் பொறுத்துகினு நானே போன் பண்றேன்."

இதை மைத்துனனிடமும் மாப்பிள்ளையிடமும் எந்த முகத்தோடு சொல்வது? 'உங்ககிட்ட சொல்லலையா?' என்று கேட்டுவிட்டால்? சுந்தரராமன் காருக்குத் திரும்பி வந்து, "இன்னிக்குக் கரைக்க வேண்டாம். எனக்கு மனசு சரியில்லை" என்றார்.

ஷ்யாம்சுந்தருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "அதைத்தான் நானும் நேத்திலேர்ந்து சொல்லிண்டிருக்கேன் அத்திம்பேர்! அக்கா பொறந்தது ஸ்ரீரங்கம். பெசன்ட் நகர்ல பஜ்ஜிக் கடைக்கு நடுவுல கரைக்கறதாவது? காவேரிதான். மழை கொஞ்சம் விடட்டும், ரயிலுக்கு நான் டிக்கெட் போட்டுடறேன்."

"பார்க்கலாம். அதுவரைக்கும் கலசத்தை இங்கேயே மரத்துல கட்டிட்டு வரேன். வீட்டுக்குள்ளே கொண்டுபோகப்படாதே. நீங்க ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சுப் போங்கோ."

அவர்கள் போனதும் மரத்தை அண்ணாந்து பார்த்தார். யார் வீட்டுக் கலசங்களோ ஏற்கெனவே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வானம் கறுத்துக் கிடந்தது. இவளை இங்கே தனியாகத் தொங்கவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. கலசத்தைக் கார் டிக்கியில் ஸ்டெப்னி மேல் பத்திரமாக உட்காரவைத்து, சுற்றிலும் பழைய போர்வையை அடைகொடுத்து, செம்பாக்கத்து வீட்டை நோக்கி ஓட்டினார்.

அபார்ட்மென்ட் வாசலில் அடுத்த சந்தேகம் வந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டார்.

"சாஸ்திரிகளே, ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கார் பார்க்கிங் வீட்டுக்குள்ளே சேர்த்தியா?"

"எதுக்குக் கேட்கறார்?"

"பொதுவாத்தான். ஒரு வேளை அஸ்தி மாதிரி ஏதாவது வெச்சிருந்தா..."

"பில்டிங்குக்கு அடியிலதானே பார்க்கிங்? தலைக்கு மேலே கூரை இருக்கே, அப்ப வீடுதான். கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கோ. ஆமா, பக்கத்து வீட்டுல யாரு போயிட்டா?"

சுந்தரராமன் போனை வைத்துவிட்டு, காரை வெளியே ஏரிக்கரைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அதன் பிறகு அவருக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கீழே போய் டிக்கியைத் திறந்து பார்ப்பார். "ஜெபகுமார் இன்னும் கூப்பிடலை. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மூடுவார். மகள் மிருதுளா ஒருநாள் பால்கனியிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, டிக்கியைத் திறந்து வெச்சுண்டு யாரோட பேசறே?"

"ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பார்த்தேன்."

"அதுகிட்ட எதுக்குக் கண்ணைத் துடைச்சுக்கறே?"

"தூசி."

அம்மா போன துக்கத்தில் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மிருதுளா அன்றைக்கே புருஷனிடம் சொல்லி அழுதாள். நிகில் நல்ல பிள்ளை. தன் பங்குக்கு மாமனாரின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டான். வினை அங்கேதான் பிடித்தது.

ஐந்தாம் நாள் காலை. இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. சுந்தரராமன் குடையோடு கீழே இறங்கினார். ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்திருந்தது. காரைக் காணவில்லை.

மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "மிருதுளா! கார்!"

"அவர்தான் எடுத்துண்டு போயிருக்கார்ப்பா. தண்ணி ஏறறதுன்னு விடியறப்பவே கொண்டுபோய் மேடவாக்கம் மேம்பாலத்து மேலே நிறுத்தினார். ஊர்க் கார் எல்லாம் அங்கேதான் நிக்கறதாம். மூணு நாள் தீட்டு முடிஞ்சாச்சே, ஆபீஸ் வேற வரச் சொல்லியிருக்கா. கேப் கேன்சல் ஆயிடுத்துன்னு அப்படியே நம்ம கார்லயே நாவலூர் போயிட்டார். எவ்வளவு பொறுப்பு பார்த்தியா?"

சுந்தரராமன் வாயைத் திறக்குமுன் இடுப்பில் அபிதாவின் போன் அடித்தது.

"சார், ஜெபகுமார். இப்ப கடல் கொஞ்சம் அடங்கி கீது. நாளையிலேர்ந்து யாரும் போவக் கூடாது, பெரிய புயல் வருதுன்னு மைக்குல சொல்லிகினு போறாங்க. அப்புறம் ஒரு வாரம் ஆவும். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்தீங்கன்னா வந்தீங்க. இல்லாங்காட்டி என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

ஒரு வாரம் போனால் பத்தாம் நாள் தாண்டிவிடும். "வரேன், இதோ வரேன்" என்று வைத்தார். உடனே அவருடைய சொந்தப் போன் அடித்தது. ஷ்யாம்சுந்தர்.

"அத்திம்பேர், மழை விட்டிருக்கேன்னு மயானத்துக்கு வந்துட்டேன். டிக்கெட்டும் கெடைச்சுடுத்து. மரத்துல மூணு கலசம் தொங்கறது. நம்மது எது?"

"ஷ்யாம், எதையும் தொடாதே!"

"ரயிலுக்கு நேரமாச்சு. ஒண்ணு மஞ்சத் துணி, ரெண்டு வெள்ளை. மஞ்சளை எடுத்துக்கட்டுமா? அக்காவுக்கு மஞ்சள்தான் பிடிக்கும்."

"அது நம்மது இல்லைடா!"

"அப்ப வெள்ளையா? பெரிசா, சின்னதா?"

"எதுவுமே நம்மது இல்லை. கீழே இறங்கு!"

அந்தப் பக்கம் ஷ்யாம்சுந்தர் பொத்தென்று குதித்து இறங்கும் சத்தம் கேட்டது.

"அப்போ அக்கா எங்கே?"

"கார் டிக்கில."

"கார் எங்கே?"

"நாவலூர்ல. ஆபீசுக்குப் போயிருக்கு."

"எங்கக்காவை ஆபீசுக்கு அனுப்பிட்டேளா?" ஷ்யாம்சுந்தர் போட்ட கூச்சலில் சுந்தரராமன் போனைக் காதிலிருந்து எட்டப் பிடிக்க வேண்டியதாயிற்று. "அங்கேயே இருக்கட்டும். நான் நேரா அங்கே வரேன். அங்கேர்ந்து நேரா ஸ்ரீரங்கம்!"

வைத்த கையோடு மூன்றாவது அழைப்பு வந்தது. நிகில் கிசுகிசுத்தான்.

"மாமா, ஆபீஸ் கேட்ல நிக்கறேன். செக்யூரிட்டி டிக்கியைத் திறந்துட்டாங்க. உள்ளே துணி கட்டின ஒரு பானை இருக்கு. சுத்தி முப்பது பேர் நிக்கறாங்க. எங்க டீம் மேல யாரோ சூனியம் வெச்சிருக்காங்கன்னு ஒருத்தன் போட்டோ எடுக்கறான். அது... நான் நினைக்கறதுதானா மாமா?"

"அதேதான். உங்க மாமியார்னு சொல்லுங்கோ."

"சொன்னேன். அதுக்கப்புறம்தான் சூப்பர்வைசரையே கூப்பிட்டாங்க."

சுந்தரராமன் செருப்பை மாட்டினார். மிருதுளா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம்கூட ஆகலை. கர்மம் பண்ணிண்டிருக்கறவன், சாப்பாடும் ஒரு வேளைதான். இந்த வெள்ளத்துல எங்கே போறே?"

"மாப்பிள்ளைக்கு டிபன் குடுத்துட்டு வரேன்" என்று கையில் ஒன்றும் இல்லாமல் சொல்லிவிட்டு, அவளைத் தாண்டிப் படியிறங்கினார்.

ஆட்டோ சோழிங்கநல்லூரைத் தாண்டுவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிக்னலுக்குச் சிக்னல் வானத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் அவள் கேட்ட ஒரே ஒரு காரியமும் நடக்காது. பிறகு எத்தனை பிண்டம் போட்டு என்ன பிரயோஜனம்?

நாவலூர் ஆபீஸ் வாசலில் அவரும் ஷ்யாம்சுந்தரும் ஒரே சமயத்தில் வந்து இறங்கினார்கள். கலசம் செக்யூரிட்டி அறையில், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் நடுவில் இருந்தது. பக்கத்தில் நிகில் குற்றவாளி மாதிரி நின்றிருந்தான். சூப்பர்வைசர் ஓர் இளம்பெண். சட்டையில் தமிழினி என்று பெயர் குத்தியிருந்தது.

"உள்ள வந்த பொருள் வெளிய போகணும்னா கேட் பாஸ் போடணும் சார். பேர்?"

"அபிதகுஜாம்பாள்."

"உங்க பேர் கேட்டேன்."

"சுந்தரராமன்."

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

சுந்தரராமன் நிகிலைத் திரும்பிப் பார்த்தார். நிகில் காதருகே வந்தான். "திரும்பி வருமா, வராதான்னு கேக்கறாங்க மாமா. வராதுன்னா என் மேனேஜர் அப்ரூவ் பண்ணணும். அவர் இப்ப ஃப்ளைட்ல இருக்கார். சாயங்காலம் ஆயிடும். திரும்பி வரும்னு சொல்லிடுங்க."

"திரும்பி வரும்" என்றார் சுந்தரராமன்.

"எப்போ?"

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் தயாராக இல்லை. மனைவி போனதிலிருந்து ஊர் பார்க்க அழாத மனுஷன், செக்யூரிட்டி அறை மேஜையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதுவிட்டார். "வரமாட்டாம்மா. அவ இனிமே வரமாட்டா."

தமிழினி எழுத எடுத்த பேனாவை மேஜையில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய இருக்கிற துணி மட்டும் திரும்பி வரும்னு எழுதிக்கிறேன் சார். மத்ததைப் பத்தி எனக்கு ரூல் ஒண்ணும் சொல்லல" என்றாள். "எங்க போகுது?"

"கோவளம்" என்றார் சுந்தரராமன்.

"ஸ்ரீரங்கம்" என்றான் ஷ்யாம்சுந்தர்.

"ஒரு பாஸுக்கு ஒரு ஊர்தான் சார் எழுத முடியும்."

"ஸ்ரீரங்கம்னு எழுதும்மா! இவர் மரத்துல கட்டினேன்னு பொய் சொல்லி, எங்கக்காவை நாலு நாளா ஸ்டெப்னி மேலே உக்காத்தி வெச்சவர். இவர் பேச்சைக் கேட்காதே" என்று ஷ்யாம்சுந்தர் கலசத்தில் கை வைத்தான். சுந்தரராமன் மறுபக்கம் பிடித்தார். கூட்டத்தில் இரண்டு பேர் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். மண் கலசம். இரண்டு பேரும் ஈரக் கையால் இழுக்கிறார்கள். நிகில் கண்ணை மூடிக்கொண்டான்.

"விடு ஷ்யாம். அவ கேட்டதுடா இது" என்றார் சுந்தரராமன். "போன மாசமே கோவளத்துக்குப் போய்ப் படகு சொல்லி வெச்சிருக்கா. கரை தெரியாத தூரத்துல கொண்டுபோய் விடணும்னு. அந்தப் படகுக்காரன் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். போகப்போறோம்னு தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலை. யாரோ ஒருத்திகிட்ட சொல்லியிருக்கா. இதை நான் எப்படிடா உங்ககிட்ட வெளியில சொல்லுவேன்?"

ஷ்யாம்சுந்தரின் பிடி தளர்ந்தது. மீசை துடித்தது. "என்கிட்டயும் சொல்லலையே" என்றான். "வாராவாரம் பேசுவாளே அத்திம்பேர்."

தமிழினி 'கோவளம்' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

நிகில் ஓட்டினான். ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங், மறு காதில் மிருதுளா. "டிபன் வந்துதா?" என்று அவள் கேட்க, "வந்துது, சாப்பிட்டேன்" என்று இவன் மீட்டிங்கில் பதில் சொன்னான். கேளம்பாக்கம் தாண்டும்போது மறுபடி தூறல் பிடித்தது. கோவளத்துக் கரையில் படகுகளை எல்லாம் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் அலையோரம் நின்றது. ஜெபகுமார் கைகாட்டிக் கத்தினான்.

"சீக்கிரம் சார்! ரெண்டு பேர்தான் ஏறலாம். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா?"

"தெரியாது" என்றார்கள் இருவரும்.

"நல்லதாப் போச்சு, கெட்டியா புடிச்சுக்குவீங்க" என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான்.

நிகிலைக் காரோடு விட்டுவிட்டு இருவரும் ஏறினார்கள். முதல் அலையில் படகு செங்குத்தாக எழும்பியது. இரண்டாவதில் ஷ்யாம்சுந்தர் ஸ்லோகத்தை மறந்தான். மூன்றாவதில் சுந்தரராமன் காலையில் குடித்த காப்பியைக் கடலுக்குக் கொடுத்தார். கலசத்தை மட்டும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் அவர் படகில் ஏறுவது இதுதான் முதல் தடவை. அவளையும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போனதில்லை.

"ஷ்யாம், கரை தெரியறதா?"

"தெரியலை அத்திம்பேர்."

"கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லு."

ஷ்யாம்சுந்தர் ஒரு கண்ணைத் திறந்தான். "தெரியறது."

மணலும் படகுகளும் மறைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஓஎம்ஆரின் அடுக்குமாடிகள் வரிசையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. எவ்வளவு போனாலும் அவை மறைவதாக இல்லை.

"அந்த பில்டிங்குலாம் மறையணும்னா அந்தமானுக்குத்தான் சார் போவணும்" என்றான் ஜெபகுமார். "மேகம் எறங்குது. காத்து திரும்புது. இங்கியே வுட்டுடுங்க. அம்மாவுக்குத் தெரியவா போவுது?"

"தெரியும்" என்றார் சுந்தரராமன். "அவளுக்கு எல்லாம் தெரியும். இன்னும் கொஞ்சம் போப்பா."

ஜெபகுமார் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே விசையைத் திருகினான். இன்ஜின் இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது.

சட்டென்று எங்கும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். படகு குறுக்காகத் திரும்பியது. பக்கவாட்டில் வந்த அலை மூவர் தலையிலும் விழுந்தது. ஜெபகுமார் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். இன்ஜின் அசையவில்லை. "ரிப்பேர் ஆச்சுன்னியே!" என்று ஷ்யாம்சுந்தர் அலறினான். "ஆச்சு சார், இது வேற ரிப்பேர்!" என்று ஜெபகுமார் திருப்பிக் கத்தினான். சுந்தரராமனுக்கு நெஞ்சை அடைத்தது. இங்கேயே தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இவளைக் கரைக்க ஆளில்லையே என்றுதான் பயமாக இருந்தது. தன்னைப் பற்றி நினைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது மழை இறங்கியது. மேற்கே வெள்ளையாக ஒரு திரை விழுந்தது. அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. திரும்பின பக்கமெல்லாம் கடலும் மழையும்தான் இருந்தன.

"தெரியலை!" என்று கத்தினான் ஷ்யாம்சுந்தர், இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு. "அத்திம்பேர், நிஜமாவே தெரியலை!"

சுந்தரராமன் முழங்கால் போட்டு எழுந்தார். ஷ்யாம்சுந்தர் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கலசத்தைத் தண்ணீரில் இறக்கினார். மந்திரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அபிதா, நீ சொன்ன மாதிரியே கொண்டுவந்து விட்டுட்டேன். இத்தனை வருஷத்துல இந்த ஒண்ணையாவது ஒழுங்காச் செஞ்சுட்டேன். சந்தோஷமா இரு."

கலசம் ஒரு கணம் மிதந்து, சாய்ந்து, முழுகிப் போயிற்று. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். அவர்கள் அழுது முடிப்பதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் இருவரும் கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

படகு மணலில் ஏறியபோது சுந்தரராமனால் நிற்க முடியவில்லை. ஜெபகுமாரும் நாலைந்து பேரும் படகை மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். நிகில் மாமனாரைத் தாங்கிக் கொண்டுவந்து ஓலைக் கொட்டகை ஒன்றில் உட்காரவைத்துவிட்டு, காரில் வேறு துண்டு எடுக்க ஓடினான். சுந்தரராமனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் ஐந்து நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த கனம் போய்விட்டிருந்தது. மனைவி ஆசைப்பட்டதை, புயலுக்கும் மைத்துனனுக்கும் நடுவில், சொன்னது சொன்னபடி முடித்துவிட்டார். இப்படி ஒரு நிம்மதியை அவர் அனுபவித்ததே இல்லை.

"அக்கா குடுத்து வெச்சவ அத்திம்பேர்" என்றான் ஷ்யாம்சுந்தர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எந்தப் புருஷன் இவ்வளவு பண்ணுவான்?"

தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி ஃப்ளாஸ்க்கும் இரண்டு டம்ளருமாகக் கொட்டகைக்குள் வந்தாள். ஜெபகுமாரின் மனைவி ரோஸிதான். சூடாக டீயை ஊற்றி, வயதில் மூத்தவராகத் தெரிந்த சுந்தரராமனிடம் முதலில் நீட்டினாள்.

"குடிங்க சார், நடுங்குறீங்க. நீங்க அம்மாவோட பெரிய அண்ணனா? அம்மா போயிட்டாங்கன்னு இவரு சொன்னப்ப எனக்கு நம்பவே முடியல. அவங்க படகு கேட்டது அவங்க வூட்டுக்காரருக்குல்ல? 'ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு ரோஸி, அவருக்குக் கூட்டம், சத்தம் எதுவும் ஆவாது, போறப்பவாவது நிம்மதியா கரை தெரியாத தூரத்துல கொண்டுபோய் வுட்ருங்க. எனக்குத் தண்ணின்னாலே உயிர் போயிடும், நான் படகுல ஏற மாட்டேன், உன்கூட இந்தக் கொட்டாயிலியே உக்காந்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாங்களே... ஆமா சார், அவரு இன்னும் இருக்காரா?"